உடல் மெலிய மாத்திரையா?



தங்கையின் திருமணத்திற்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்த பட்டு ரவிக்கை அக்காளின் கையில் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்மணி உள்ளே வருகிறார்.

“இதுக்குப் போயா கவலைப்படுற? நான் குடிக்கிற காப்பிய ஒரு பெட்டி வாங்கித் தர்றேன். பத்து நாள்ல எனக்கு நாலு கிலோ இறங்கிருச்சு. எல்லாம் மூலிகைதான்.”

“ஒடம்புக்கு ஒன்னும் பண்ணாதாக்கா?”

“ஒன்னும் பண்ணாது. கொஞ்சம் வாய் காயும், ராத்திரி தூக்கம் வராது. கொழுப்புக் கரையுதுன்னு அர்த்தம்.”

இது நாமாக அமைத்துக்கொண்ட காட்சிதான். ஆனாலும் கிள்ளானிலோ சிரம்பானிலோ சிங்கப்பூரின் ஈசூன் அடுக்குமாடி வீடுகளிலோ இதைக் கேட்காதவர் குறைவு. இதில் யாரையும் கேலி செய்வதற்கில்லை. மெலிய வேண்டும் என்ற எண்ணம் வீண் அலங்காரத்திற்காக மட்டும் எழுவதன்று. மலேசியாவில் 2023இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருக்கிறார்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகியவை எடையோடு கைகோத்து வருவதை ஒவ்வொரு குடும்பமும் கண்டிருக்கிறது. மருத்துவரும் “எடையைக் குறையுங்கள்” என்கிறார். எப்படிக் குறைப்பது என்று சொல்ல அவருக்கு நேரம் போதுவதில்லை. அந்த இடைவெளியில்தான் மாத்திரை விற்பவர் வந்து நிற்கிறார்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் நாமே வாங்கி உட்கொள்ளும் மெலிவு மாத்திரைகளைப் பற்றி இன்று பேசலாம். காப்பித் தூள், தேநீர்ப் பொட்டலம், கூடு மாத்திரை என்று எந்த உருவில் வந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில், சோதனைகளில் தேறிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்லிஸ்டாட் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் 1999 முதல் மருத்துவர் சீட்டின் பேரிலும், 2007 முதல் பாதி அளவில், அதாவது 60 மில்லிகிராமில், சீட்டு இல்லாமலும் கிடைக்கிறது. இது மூளைக்குப் போய்ப் பசியை அடக்குவதில்லை. நாம் உண்ணும் கொழுப்பைச் செரிக்க லைபேஸ் என்ற நொதி குடலில் செயல்படுகிறது. அந்த நொதியை இது தடுக்கிறது. செரிக்காத கொழுப்பு இரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியேறுகிறது. 60 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடு மூன்று வேளை உட்கொண்டால், உணவிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படி வெளியேறும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 60 கிராம் கொழுப்பு உண்கிறார் என்று வையுங்கள். அதில் கால் பங்கு 15 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. ஆக 135 கலோரி மிச்சம். ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினால் அந்தப் பாலில் மட்டும் ஏறத்தாழ 130 கலோரி இருக்கிறது. நாள் முழுவதும் மூன்று மாத்திரை விழுங்கிச் சேமித்தது, மாலையில் ஒரு குவளைத் தேநீரில் திரும்பிவிடுகிறது. டின் பாலில் பெரும்பகுதி சர்க்கரை. சர்க்கரையை இந்த மாத்திரை தொடுவதே இல்லை. சோற்றையும் தொடாது.

சுவீடன் நாட்டில் 3,305 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எல்லாருக்கும் உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் சொல்லித்தரப்பட்டன. பாதிப் பேருக்கு முழு அளவான 120 மில்லிகிராம் ஆர்லிஸ்டாட். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. முதல் ஆண்டு முடிவில் மருந்து உண்டவர்கள் சராசரி 10.6 கிலோ குறைந்திருந்தார்கள்; வெற்று மாத்திரைக்காரர்கள் 6.2 கிலோ. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால் முன்னவருக்கு 5.8 கிலோ, பின்னவருக்கு 3 கிலோ. மருந்தால் கூடுதலாகக் கிடைத்தது மூன்று கிலோவுக்கும் குறைவு. இழந்த எடையில் பாதி திரும்பி வந்துவிட்டதையும் கவனிக்க வேண்டும். இனிப்பு நீர் வராமல் தடுப்பதில் அந்த மருந்து உதவியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே பயனற்றது என்று நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் பத்து நாளில் நான்கு கிலோ என்பது இதனால் ஆகாது.

அதற்குத் தொல்லையும் உண்டு. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு இதை விழுங்கியவர், கழிவறைக்கு ஓடுவதற்குள் உள்ளாடையில் எண்ணெய் கசிந்துவிடக் கூடும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்; கல்யாணப் பந்தியில் தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்துகொள்வது மேல். கொழுப்போடு கரைந்து உடலில் சேரும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் குறைந்து போகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்கள், தைராய்டு மாத்திரை உண்பவர்கள், வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு சைக்ளோஸ்போரின் உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது.

சோதனைகளில் தேறிய மருந்தின் நிலையே இப்படி. தேறாதவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

மீன் குழம்புக்கு நாம் போடும் ஆசாம் கெப்பிங்கின் ஒன்றுவிட்ட உறவு குடம்புளி. கேரளத்தில் மீனுக்கும், இலங்கையில் கொறுக்காய் என்ற பெயரில் குழம்புக்கும் போடுவார்கள். அதன் சாற்றைக் கூட்டில் அடைத்து, கார்சீனியா என்ற பெயர் சூட்டி, கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் 135 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்தார்கள். அதை உண்டவர்கள் 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோ குறைந்தார்கள்! குழம்பில் போடும் புளியால் ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் செறிவூட்டிய சாற்றைக் கூட்டு மாத்திரையாக உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது.

மெலிவுத் தேநீர் என்று விற்பவற்றில் பலவற்றின் சரக்கு நிலாவாரை இலை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, அந்த ஊர்ப் பெயராலேயே உலகச் சந்தையில் அறியப்படும் பேதி இலை அது. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. நம் பாட்டிமார் அறிந்ததுதான். ஆனால் அதனால் எடை குறையுமா? உணவின் சத்தெல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பேதி மருந்து வேலை செய்வது அதற்கு அப்பால், பெருங்குடலில். வெளியே போவது தண்ணீரும், அதோடு பொட்டாசியம் முதலிய உப்புகளும். எடைக் கருவியில் முள் இறங்கும். இரண்டு நாள் தண்ணீர் குடித்தால் ஏறிக்கொள்ளும். சிறுநீரை அதிகமாக்கும் மருந்துகளின் கதையும் இதுவே. ஆனால் பொட்டாசியம் அளவு மீறிக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இனி அந்தப் பக்கத்து வீட்டுக் காப்பிக்கு வருவோம். உண்மையில் பத்து நாளில் பசியே எடுக்காமல் செய்து, தூக்கத்தையும் கெடுத்து, எடையை இறக்குகிறதே, அது எப்படி? மூலிகைதான் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதே?

உலகில் இந்தக் கதை புதிதன்று. முதல் உலகப் போரில் பிரெஞ்சு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் சிலர் மெலிந்து, காய்ச்சல் கண்டதுபோல் வியர்த்து, இறந்தும் போனார்கள். அங்குப் புழங்கிய டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளே காரணம். 1933இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அது உடலின் எரிசக்தியைக் கூட்டி எடையைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். உடனே சீட்டு இல்லாமலே கடைகளில் மாத்திரை வந்தது. எடை குறைந்தது உண்மை. சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடல் வெப்பம் தாங்காமல் மாண்டார்கள். 1938இல் புதிய சட்டம் வந்த பிறகே அங்கு அதன் விற்பனை நின்றது.

பின்னர் ஃபினைல்புரோபனோலமின் என்ற மருந்து வந்தது. மூக்கடைப்புக்கும் பசியை அடக்குவதற்கும் பல ஆண்டுகள் அமெரிக்கக் கடைகளில் தாராளமாக விற்றது. பசியை அடக்க அதை உண்ட பெண்களுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து மிகுவதை யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அதை விலக்கிக்கொள்ளுமாறு அந்நாட்டு அரசு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஃபென்ஃபுளூரமின் மருத்துவர்களே எழுதிக் கொடுத்த மருந்து. இதய வால்வைக் கெடுக்கிறது என்று கண்டு 1997இல் மெலிவு மருந்து என்ற நிலையிலிருந்து அகற்றப்பட்டது.

அகற்றப்பட்ட மருந்து அகன்றுவிடுகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. விடை சிங்கப்பூரிலேயே கிடைத்தது. ‘ஸ்லிம் 10’ என்ற மாத்திரை, சீன மூலிகை என்ற பெயரில் அங்கு விற்கப்பட்டது. தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் அதை வாங்கி உண்டார். அவர் பருமனானவரும் அல்லர். 2002இல் அவருடைய கல்லீரல் செயலிழந்தது. அவரை மணக்க இருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். அதனால் அவர் உயிர் பிழைத்தார். அதே மாத்திரையை உண்ட இன்னொரு பெண்ணுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மாத்திரையைச் சோதித்தபோது, அதனுள் ஃபென்ஃபுளூரமினும், அதிலிருந்து வேதி முறையில் மாற்றி எடுத்த நைட்ரோசோஃபென்ஃபுளூரமின் என்ற பொருளும் இருந்தன. பெட்டியில் அவற்றின் பெயர் இல்லை. இத்தகைய மாத்திரைகளால் ஜப்பானிலும் அதே ஆண்டில் பலருக்குக் கல்லீரல் கெட்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஆண்ட்ரியா தொடுத்த வழக்கில் 2003இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

கல்லீரல் நோயில் ஒரு வஞ்சகம் உண்டு. அதன் தொடக்க அறிகுறிகளில் ஒன்று பசியின்மை. மெலிவு மாத்திரை உண்பவருக்குப் பசி எடுக்கவில்லை என்றால், மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்து இன்னும் ஒரு பெட்டி வாங்குவார். களைப்பு, குமட்டல், தேயிலைச் சாயம் போன்ற சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவை பிறகே தெரியவரும்.

இன்று நம் வட்டாரத்தில் மெலிவுக் காப்பியிலும் கூட்டு மாத்திரையிலும் அடிக்கடி பிடிபடுவது சிபுட்ராமின். இதுவும் ஒரு காலத்தில் மருத்துவர் தந்த மருந்தே. இதய நோய் அபாயமுள்ள ஏறத்தாழ 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில், வெற்று மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு 10 பேருக்கு இதயத்திலோ மூளையிலோ கடும் பாதிப்பு நேர்ந்தது. இதை உண்டவர்களுள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நேர்ந்தது. 2010இல் பல நாடுகளின் சந்தையிலிருந்து மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. மருத்துவர் கையில் அளவும் கண்காணிப்பும் இருந்தபோதே இந்த நிலை. எவ்வளவு கலந்திருக்கிறது என்றே தெரியாத காப்பிப் பொட்டலத்தில் வந்தால்? வாய் உலர்வதும், தூக்கம் போவதும், நெஞ்சு படபடப்பதும், இரத்த அழுத்தம் ஏறுவதும் அதன் குணங்கள். பக்கத்து வீட்டு அக்காள் கொழுப்புக் கரைகிறது என்று பெருமைப்பட்டாரே, அது இந்த மருந்து பேசிய பேச்சாகவே இருக்கக் கூடும்.

மெய்யான மூலிகைக்கு இவ்வளவு வேகம் கிடையாது. ஆர்லிஸ்டாட் போன்ற சோதித்த மருந்துக்கே ஆண்டு முழுவதும் சில கிலோதான் என்றால், சோதிக்காத ஒன்று பத்து நாளில் பசியை அறுக்கிறது எனும்போது, பெயர் சொல்லாத மருந்து உள்ளே இருக்கிறது என்று சந்தேகப்படுவதே அறிவு. “எனக்கு நன்றாக வேலை செய்தது” என்பதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்கிறோம். மெலிவு மாத்திரை விஷயத்தில் அதையே எச்சரிக்கையாகக் கொள்ளலாம். இதில் விற்பவரும் பல வேளைகளில் ஏமாந்தவரே. தாமும் குடித்துக்கொண்டு, தோழிமாருக்கும் புலனக் குழுவில் விற்கிறார்.

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும், எட்டு இலக்கமும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும்; ஒளி பட்டால் மின்னும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கும். கடைசி எழுத்து டி என்றால் பாரம்பரிய மருந்து, என் என்றால் சத்துத் துணைப்பொருள், எக்ஸ் என்றால் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மருந்து, ஏ என்றால் மருத்துவர் அல்லது மருந்தாளர் கட்டுப்பாட்டில் உள்ளது. எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பட்டியலில் கைத்தொலைபேசியிலேயே சரிபார்க்கலாம். வேறொரு பொருளின் எண்ணைத் திருடி அச்சிடுவோரும் இருக்கிறார்கள். ஆகவே எண்ணோடு பொருளின் பெயரும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்து என்ற பதிவு, அது எடையைக் குறைக்கும் என்பதற்குச் சான்றாகாது. சிங்கப்பூரில் சத்துத் துணைப்பொருள்கள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் உரிமம் பெற வேண்டியதில்லை. பொருள் கெடுதியற்றது என்ற பொறுப்பு விற்பவரைச் சேர்ந்தது. அங்குக் கடைத்தட்டில் இருப்பதாலேயே சோதித்தது என்று எண்ணிவிடக் கூடாது. காப்பித்தூளோ ஒரு படி மேலே போய், உணவுப் பொருள் என்ற போர்வையில் வருகிறது.

இக்காலத்தில் செமாகுளூடைடு போன்ற ஊசி மருந்துகளும் பேசப்படுகின்றன. அவை எடையை நன்றாகவே குறைக்கின்றன. ஆனால் மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. இதன் போலிகள் பிடிபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் வாங்கிக் குத்திக்கொள்வது காப்பிப் பொட்டலத்தைவிட ஒரு படி மோசம்.

அப்படியானால் அந்த ரவிக்கைக்கு என்ன வழி? ஆறு வாரத்தில் உடம்பைச் சுருக்குவதைவிடத் தையற்காரரிடம் கொடுத்து ரவிக்கையைப் பிரித்து விடுவது நல்லது என்பதே நம் கருத்து. உடம்பை அதற்குப் பிறகும் பார்க்கலாம். முதலில் குறைக்க வேண்டிய எடை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். ஆசிய மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23க்கு மேல் கவனம் தேவை, 27.5க்கு மேல் ஆபத்து மிகுதி. ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 55 கிலோவும் 66 கிலோவும் ஆகும். ஐம்பது கிலோவில் இருந்துகொண்டு மாத்திரை தேடுகிற பெண்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து வேண்டியதே இல்லை.

ஸ்லிம் 10 விவகாரம் நடந்த அதே 2002இல் அமெரிக்காவில் வேறொரு செய்தி வந்தது. இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 3,234 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், வாரம் 150 நிமிட நடையும் உணவு மாற்றமும் கைக்கொண்டவர்களிடம் அந்நோய் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. அவர்கள் இழந்த எடை சராசரி ஐந்தரை கிலோ அளவுதான். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நம்மவர்களுக்கு இன்னும் நெருங்கியது. நடையும் உணவு ஒழுங்கும் கொண்டவர்களிடம் இனிப்பு நீர் நூற்றுக்கு 28.5 பங்கு குறைந்தது. எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! எடைக் கருவியின் முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது.

இந்தப் பேச்சைக் கேட்கும் வேளையில் உங்கள் வீட்டு அலமாரியிலேயே அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். உண்பதை நிறுத்துங்கள், பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கண்ணில் மஞ்சளோ, நெஞ்சுப் படபடப்போ, மயக்கமோ கண்டால் மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். தாதியோ மருத்துவரோ “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்கும்போது, “மருந்து ஒன்றும் இல்லை, வெறும் காப்பிதான்” என்று சொல்லாமல் பெட்டியை மேசைமேல் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் சோதிக்க அந்த ஒரு பொட்டலம் போதும்.